அடுப்படி ஜன்னலுக்கு வந்த ரப்பர் குழாய்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பது செங்கல்பட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவரே அதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டார். கேட்டால், "செவுடெல்லாம் ஒண்ணும் இல்ல, சன்னமான சத்தம்தான் சிக்க மாட்டேங்குது" என்பார். அந்தச் சன்னமான சத்தத்தில் நானும் சேர்த்தி.

சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் ராணுவ லாரிகளை ரிப்பேர் பார்க்கிற படையில் இருந்தவர். அங்கே பக்கத்தில் ஒரு குண்டு விழுந்ததாம். ஆள் முழுசாகத் திரும்பி வந்தார், காது முழுசாக வரவில்லை. தடித்த சத்தங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. லாரி உறுமினால் கேட்கும். இடி இடித்தால் கேட்கும். ஆண்பிள்ளைகள் முகத்துக்கு நேரே நின்று பேசினால் பாதியைக் காதாலும் பாதியைக் கண்ணாலும் பிடித்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் பேசினால் போச்சு. பதில் வராததைப் பார்த்து, மேஸ்திரிக்குத் தலைக்கனம் என்று ரிப்பேருக்கு வண்டி கொண்டுவரும் லாரிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பேர் அவருக்குப் பிடித்திருந்தது. "செவுட்டு மெக்கானிக்குகிட்ட எவன் வண்டிய வுடுவான்? தலக்கனம்னா நல்ல வேலக்காரன்னு நெனச்சிப்பான்" என்றார் என்னிடம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார். யாரிடம் விடப்போகிறேன்? என்னோடு பேச அங்கே யார் இருந்தார்கள்?

நான் கோவளத்துப் பெண். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் சத்தம் வாசற்படி தாண்டக்கூடாது என்று அம்மா வளர்த்தாள். பேசும்போது முந்தானையை வாய்ப்பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நன்றாகக் கற்றுக்கொண்டு, நல்ல பெண் என்று பேரெடுத்து, ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் வாழ்க்கைப்பட்டேன். முன்னால் ஷெட், பின்னால் வீடு. மாமனார் மாமியார் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்கள் ஆட்களின் வீடுகள் பள்ளிவாசல் பக்கம், தூரத்தில் இருந்தன. அடுப்படிக்கு ஒரே ஜன்னல். அது ஷெட்டுக்குள் திறக்கும். அதில் மூங்கில் தட்டி தொங்கும். கருங்குழியிலிருந்தும் அச்சரப்பாக்கத்திலிருந்தும் நெல் ஏற்றி வரும் லாரிகளின் சக்கரங்களையும் அவற்றின் டிரைவர்களுடைய கால்களையும் அந்தத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே சோறு வடிப்பேன்.

கல்யாணமான புதிதில் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். சாப்பிட வாங்க என்று தட்டிக்குப் பின்னால் நின்று கூப்பிடுவேன், திரும்ப மாட்டார். அழுதுகொண்டே சோற்றை மூடி வைப்பேன். ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் என் கையிலிருந்து பித்தளைத் தாம்பாளம் நழுவி விழுந்தது. தெருவில் போன ஆடு மிரண்டு ஓடியது. அவர் அசையவில்லை. அன்றைக்குத்தான் விளங்கியது. சந்தோஷமாகக்கூட இருந்தது, வெறுப்பு இல்லை, காதுதான் என்று. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியிருக்கும்.

ஏனென்றால் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது. சத்தமாகப் பேசினால் ஷெட்டில் இருக்கும் ஆண்களுக்குக் கேட்கும். மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது. முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டிப் பேசப் பழகினேன். அதற்கு அவர் என்னைப் பார்க்க வேண்டுமே! பகலெல்லாம் தலை ஏதாவது ஒரு என்ஜினுக்குள் இருக்கும். சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பார். இருட்டினால் சிம்னி வெளிச்சத்தில் என் வாய் அவருக்குத் தெரியாது. அவர் பேசுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். பிஸ்டன், வால்வு, டிரைவர்களின் கோளாறு எல்லாம் பேசுவார். நான் ஏதாவது சொன்னால் சிரித்துத் தலையாட்டுவார். "தலை வலிக்குது" என்றாலும் அதே சிரிப்பு, "மழை வரும் போல கீது" என்றாலும் அதே சிரிப்பு. எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நான் ஒன்று சொன்னால் அது அவரிடம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். அது இல்லாமல் அந்த வீட்டில் இருப்பது எனக்குத் தாங்க முடியாத தனிமையாக இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் அந்தச் சின்னக் கார் வந்தது. பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பையனுடையது. மாமல்லபுரத்துக் கரையில் அவர்களுக்குச் சவுக்குத் தோப்பும் பங்களாவும் இருந்தன. சனிக்கிழமைகளில் எங்கள் ஷெட்டைத் தாண்டித்தான் போவார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. எதற்கு இது என்று எனக்கு விளங்கவில்லை. ரேஸ் ஓட்டவாம். பட்டணத்துக்கு வெளியே சண்டைக் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்றில் வருஷத்துக்கு ஒருமுறை கார்களை விரட்டுவார்களாம். அதற்காக என்ஜினைப் பிரித்து, உள்ளே துளைகளைப் பெரிசாக்கி, மேல் மூடியைச் சீவி, என்னென்னவோ செய்திருந்தார். "பசி பெருசாயிடுச்சு, வாய் மட்டும் பழைய வாய்" என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது விளக்கினார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற கார்ப்பரேட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். இரண்டு வேண்டும். சீமையிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் கிடைக்காது. பட்டணத்துப் பெரிய ஒர்க்‌ஷாப்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"நானே செஞ்சி தர்றேன் சார்" என்றாராம் இவர். தலைக்கனம்தான்.

பட்டணத்தில் உடைத்த கார்கள் விற்கும் சந்தில் போய், ஒரே ஜாடையில் இரண்டு கார்ப்பரேட்டர் பொறுக்கி வந்தார். அவற்றை என்ஜினோடு சேர்க்கிற கிளைக்குழாய்க்கு மரத்தில் அச்சு செதுக்கினார். பம்பு வார்க்கிற பட்டறையில் கொடுத்து அலுமினியத்தில் வார்த்தார். முதல் தடவை வந்தது இட்லி மாதிரி துளைத் துளையாக இருந்தது, தூக்கிப் போட்டார். இரண்டாவதை ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் பசை தடவி, முகம் சமமாகும் வரைக்கும் தேய்த்தார். அந்தத் தேய்ப்பின் சத்தம் எனக்குப் பல்லைக் கூசச் செய்யும். அவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒருநாள் அடுப்படிக்குள் வந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேல் தட்டில் என் சீரோடு வந்த இரண்டு பித்தளைப் படிக்கங்கள் இருந்தன. வெற்றிலை போடும் விருந்தாளிகள் துப்புவதற்கு. எங்களுக்கு விருந்தாளி வந்ததும் இல்லை, யாரும் துப்பினதும் இல்லை. படிக்கத்தின் கழுத்து ஒடுங்கி, வாய் அகலமாக விரிந்து, விளிம்பில் பூ வேலை செய்திருக்கும். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்து ஓட்டைல நேரா பூந்துனா முட்டிக்கும். இந்த மாதிரி விரிஞ்ச வாய் வெச்சா வழுக்கிக்கினு உள்ள போவும். குடேன்" என்றார்.

"எச்சி துப்பறதக் காருக்கு வெக்கப் போறீங்களா?" என்றேன்.

என் வாய் அசைந்ததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் கொண்டுபோய்விட்டார். பித்தளைப் பாத்திரம் அடிக்கிற கன்னானிடம் கொடுத்து அடிப்பாகத்தை அறுத்து, கழுத்தைக் கார்ப்பரேட்டர் வாய்க்குச் சரியாக ஒடுக்கி வாங்கி வந்தார். பூட்டி முடித்ததும் தட்டி இடுக்கில் பார்த்தேன். என் படிக்கங்கள் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒன்றின்பின் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. பாலீஷ் வேறு போட்டிருந்தார். கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும், என் வீட்டுச் சாமான் ஒன்று அந்த ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என்ஜின் ஓடியது. சரியாக ஓடவில்லை. விக்கியது, தும்மியது. இரண்டு கார்ப்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டுமாம். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு வாய்க்கும் நேரே பிடித்து, 'உஸ்' சத்தத்தை ஒத்துப் பார்த்துத் திருகாணியைத் திருக வேண்டும். அவரும் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பெரிய வித்துவான் மாதிரி தலையை ஆட்டுவார். எனக்குத்தான் தெரியும், அவருக்கு அதில் ஒன்றுமே கேட்காது என்று. 'உஸ்' என்பதைவிடச் சன்னமான சத்தம் உண்டா? வேறு யாரையாவது கேட்கச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். குத்துமதிப்பாகத் திருகிப் பார்த்தார். இன்னும் மோசமானது.

"மேஸ்திரி, பழைய ஒத்தக் கார்ப்பரேட்டரே தேவல போலிருக்கே" என்றார் கார்க்காரர். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பட்டணத்துக்கே கொண்டுபோய்விடுவதாகச் சொல்லிவிட்டு, ரோட்டுக்கடைக்கு டீ குடிக்கப் போனார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மதியம் சாப்பிட வரவில்லை. அடுப்படி ஜன்னலை ஒட்டி நின்ற காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடுகிற என்ஜின் முன்னால் குழாய் பிடித்த கையைத் தொங்கவிட்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

எனக்கோ எல்லாம் கேட்டது. இரண்டு பேர் சாஸரில் டீயை ஊற்றி உறிஞ்சினால், ஒருத்தர் அவசரமாகவும் ஒருத்தர் நிதானமாகவும் உறிஞ்சினால் எப்படியோ, அப்படித்தான் இருந்தது. முன்னால் இருப்பது அவசரக்காரன். அடுப்படியில் நின்றே இது எனக்குத் தெரிகிறது, அங்கே நிற்கிற மனுஷனுக்குத் தெரியவில்லை. ஷெட்டில் வேறு ஆள் இல்லை. தட்டியை விலக்கிக் கையை வெளியே நீட்டி, அவர் கையிலிருந்த குழாயைப் பிடித்து ஜன்னலுக்குள் இழுத்தேன். திடுக்கிட்டுத் திரும்பினார். முனையை என் காதில் வைத்துக்கொண்டு, முன்னதைக் காட்டி, 'அதைக் குறை' என்று விரலால் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கல்யாணமான பிறகு அவ்வளவு நேரம் என் முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு திருப்புளியை எடுத்துக் கால் திருகு திருகினார். அவசரக்காரன் கொஞ்சம் அடங்கினான்.

அதற்குள் கார்க்காரர் ரோட்டைக் கடந்து வருவது தெரிந்தது. நான் தட்டியை விட்டேன். இவர் ஓடிவந்து சணல் கயிறு ஒன்றை ஜன்னலுக்குள் போட்டார். மறு முனையைத் தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். "ஒரு தரம் இழுத்தா முன்னது. ரெண்டு தரம்னா பின்னது. சரியா இருந்தா சும்மா இரு" என்று தட்டிக்குள் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு கொளவாய் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அந்தக் குழாய் எதுக்கு மேஸ்திரி வீட்டுக்குள்ள போகுது?" என்று கார்க்காரர் கேட்டார்.

"காத்து வடியறதுக்கு சார்."

படித்தவர், பாவம், புரிந்த மாதிரி தலையாட்டினார்.

நான் அடுப்படி மணையில் உட்கார்ந்து, காதில் குழாயும் கையில் கயிறுமாக வேலை பார்த்தேன். இழுத்தேன், அவர் திருகினார். இழுத்தேன், திருகினார். நடுவில் 'உஸ்'ஸுக்கு அடியில் மெல்லிசாக ஒரு சீட்டி கேட்டது. எங்கேயோ காற்று திருட்டுத்தனமாகப் புகுந்துகொண்டிருந்தது. அதற்கு எத்தனை தரம் இழுப்பது? ஒப்பந்தத்தில் இல்லையே. மாற்றி மாற்றி இழுத்தேன். கை வெட்டி வெட்டி இழுபட்டதில் அவர் பதறிப்போய், கார்க்காரரை இன்னொரு டீக்கு அனுப்பிவிட்டு ஜன்னலுக்கு வந்தார். நான் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினேன். பெண்பிள்ளை சீட்டி அடிப்பதை என் அம்மா பார்த்திருந்தால் அன்றைக்கே மௌத்தாகியிருப்பாள். அவர் என் உதட்டைப் பார்த்தார், சிரித்தார், ஓடிப்போய் வார்ப்புக் குழாயும் என்ஜினும் சேர்கிற இடத்தில் எண்ணெய் சொட்டு விட்டார். சீட்டி நின்றது. மூட்டில் காற்று புகாமல் இருக்க வைக்கிற பேக்கிங்கைப் புதிதாக வெட்டி வைத்தார்.

சாயங்காலத்துக்குள் என்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடியது. கார்க்காரர் கை குலுக்கினார். அவர் போனதும் இவர் உள்ளே வந்து, கையைக்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக நான் சொன்னதில் அவருக்குக் கேட்டது முன்னது, பின்னது, சீட்டி, இந்த மூன்றும்தான். இருந்தாலும் கேட்டதே.

ஆனால் ரோட்டில் மறுபடி தகராறு. நின்றால் நன்றாக ஓடுகிற என்ஜின், வேகமெடுத்தால் அடைத்துக்கொள்கிறது என்று கார்க்காரர் சொல்லி அனுப்பினார். காரையும் அனுப்பிவைத்தார். ரேஸ் நெருங்கிவிட்டது. சரிசெய்து பங்களாவிலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்று உத்தரவு. இவர் யோசித்துப் பார்த்து, ஓடும்போது கேட்க வேண்டும் என்றார். யார் கேட்பது? விடிகாலையில் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அந்தக் கூரையில்லாத காரில் ஏறினேன். துப்பட்டிக்குள் ஒவ்வொரு காதுக்கும் ஒரு ரப்பர் குழாய். இரண்டும் என்ஜின் பக்கம் போயின. கயிறு அவர் மணிக்கட்டில். திருக்கழுக்குன்றத்துத் தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூட்டை ஒன்று காற்றில் பறக்கப் பார்க்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு ஒரே குஷி. ஊரைத் தாண்டிப் பனைமரங்கள் பின்னால் ஓட ஆரம்பித்ததும், வேகத்தில் பின்னதின் மூச்சு தேய்ந்துகொண்டே போனது தெளிவாகக் கேட்டது. இரண்டு தரம் இழுத்தேன். அவர் தலையசைத்தார். மறுபடி வேகமெடுத்தார், மறுபடி இழுத்தேன். கால்வாயைத் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே மணல் பாதையில் போய் நிறுத்தினார். எதிரே கடல். கல்யாணத்துக்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவே இல்லை.

பானெட்டைத் திறந்தார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள். பானெட் மூடியை மெதுவாகச் சாத்திக் காட்டினேன். பின்னால் இருந்த படிக்கத்தின் பூ விளிம்பு, பக்கத் தகட்டில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது. ஷெட்டில் எப்போதும் மூடியைத் திறந்துவைத்தே வேலை பார்த்ததால் தெரியவில்லை. ஓட்டத்தில் தகடு அதிர்ந்து அதன் வாயைப் பொத்திவிடுகிறது. விளிம்பை வெட்டினால் சரியாகிவிடும். இதுகூடத் தெரியாத ஆளா இவர் என்று பார்த்தேன்.

"நெருக்கம்னு தெரியும்" என்றார், நான் கேட்காமலே. "கன்னான் அப்பவே வெட்டிடலாம்னான். நாந்தான் வேணாம்னேன். பூ வேலையாச்சே. உன் சீராச்சே."

 இந்த மனுஷன் என் படிக்கத்தின் பூவைப் பார்த்திருக்கிறார். அதைக் காப்பாற்றப்போய் ஒரு காரையே மூச்சுத் திணற வைத்திருக்கிறார். வெட்டுங்கள் என்று கையால் காட்டினேன். அவர் இரண்டையும் கழற்றி, ரம்பத்தால் விளிம்பை அறுத்து, அரம் போட்டார். அறுந்த பூ விளிம்புகள் மணலில் விழுந்தன. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மறுபடி பூட்ட ஆரம்பித்தார்.

சுற்றி ஒரு ஆள் இல்லை. தட்டி இல்லை, வாசற்படி இல்லை, டிரைவர்கள் இல்லை. எனக்குள் என்ன புகுந்ததோ, துப்பட்டியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன்: "அந்த வூட்ல எனக்குத் தனியா இருக்க முடியல! என்கூடப் பேசுங்க! என்னப் பாருங்க!"

கத்தினதில் மூச்சு வாங்கியது. கடல் காற்று பாதியை அள்ளிக்கொண்டு போயிருக்கும். என் கை அசைந்தது ஓரக்கண்ணில் பட்டிருக்க வேண்டும், திரும்பினார். முகத்தில் அவ்வளவு அக்கறை.

"இன்னா? பின்னாடியா, முன்னாடியா?"

 இன்னொரு தடவை, வாய் தெரிகிற மாதிரி, நிதானமாகச் சொல்லியிருக்கலாம். வெளிச்சம் இருந்தது, அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த வார்த்தைகள் கத்துவதற்குத்தான் வந்தன. முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"பின்னாடி" என்றேன்.

உடனே பின்னதைக் கால் திருகு திருகினார். சரியாக இருந்ததைத் திருகினதால் அது கெட்டது. அதைச் சரிசெய்ய மறுபடி ஓட்டிப் பார்த்தோம். கடைசியில் மூடியைச் சாத்திக்கொண்டு முழு வேகத்தில் போனபோது என் இரண்டு காதுகளிலும் ஒரே அளவு மூச்சு கேட்டது. அதைக் கேட்பது ஒரு சுகம்தான். காரைப் பங்களாவில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். நான் முன்னால் பெண்கள் இருக்கையில், அவர் பின்னால்.

அந்தக் கார் ரேஸில் ஜெயிக்கவில்லை. ஆனால் வழியில் நிற்காமல் ஓடி முடித்தது, அதுவே பெரிய விஷயம் என்று கார்க்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். அப்புறம் அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் இரண்டிரண்டு கார்ப்பரேட்டர் வேண்டும், எல்லோருக்கும் விரிந்த வாய் வேண்டும். கன்னான் எங்கள் படிக்கத்தை மாதிரி வைத்துக்கொண்டு பித்தளை வாய்களாக அடித்துத் தள்ளினான். செங்கல்பட்டு மேஸ்திரியின் காது மாதிரி தென்னிந்தியாவிலேயே கிடையாது என்று பேசிக்கொண்டார்களாம். இவர் அதை என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பார்.

மூன்று வருஷம் இப்படிப் போயிருக்கும். மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஜன்னலுக்குள் குழாய் வரும், கயிறு வரும். அது வருகிற நாள் எனக்குக் காலையிலேயே தெரிந்துவிடும். சீக்கிரம் சமைத்து வைத்துவிட்டு மணையைத் துடைத்துப் போட்டுக்கொள்வேன். நான் இழுத்தால் அந்தப் பக்கம் ஒரு கை அசையும். சில சமயம் வேலை முடிந்த பிறகு, தட்டிக்கு வெளியிலிருந்து அவர் ஒரு தரம் திருப்பி இழுப்பார், போதும் என்று சொல்ல. அதற்காகக் கொஞ்ச நேரம் கயிற்றைக் கையிலேயே வைத்திருப்பேன். மற்ற நாட்களில் பழையபடி சோறு, சக்கரங்கள், டிரைவர்களின் கால்கள். இதற்குப் பேர் பேச்சு என்றால் சிரிப்பார்கள். எனக்கு அது போதுமாக இல்லைதான். ஆனால் அது இல்லாமல் இருந்ததை நான் பார்த்தவள்.

பிறகு அந்த முதல் கார்க்காரர் சீமைக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது மேஸ்திரிக்கு ஒரு பரிசு. சிநேகிதர்கள் இரண்டு பேரோடு வந்து ஷெட்டில் பெட்டியைப் பிரித்தார். உள்ளங்கை அளவு ஒரு வட்டம், அதன் பக்கத்தில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் சின்னதாக ஒரு சிவப்பு மணி. வட்டத்தைக் கார்ப்பரேட்டரின் வாயில் வைத்தால் காற்று இழுக்கிற அளவுக்கு மணி மேலே ஏறும். இரண்டு வாயிலும் ஒரே உயரத்துக்கு ஏறினால் சரி. "இனிமே காதே வேண்டாம் மேஸ்திரி, கண்ணு போதும்" என்றார் கார்க்காரர். இவர் வைத்துப் பார்த்தார், திருகினார், மறுபடி வைத்தார். இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஏறி நின்ற இடத்தைப் பார்த்து அவர் முகம் விரிந்தது. இத்தனை வருஷம் பயந்து பயந்து மறைத்த மனுஷன். இனி குழாயைக் காதில் வைத்து நடிக்க வேண்டியதில்லை. அவருக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யில்லை. என் கை மணைக்கடியில் கயிற்றைத் தேடியது என்பதும் பொய்யில்லை.

ஓடிவந்து அதை என்னிடம் காட்டினார். "பாத்தியா! இனிமே நீ அடுப்ப வுட்டுட்டு வந்து குந்திக்கினு கெடக்க வேணாம். பெட்ரோல் நாத்தத்துல எத்தினி நாளு தலவலின்னு சொல்லியிருப்ப, எனக்குத்தான் கேக்கல." என் தலையில் கை வைத்தார். அந்தக் கையில் அவ்வளவு பிரியம் இருந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் வெளியே போய்விட்டார்.

போனவர் ஒரு தகரத் தகட்டையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். தட்டியை அவிழ்த்துக் கீழே போட்டார். அடுப்படிக்குப் புகை வராமல், நாற்றம் வராமல், எனக்கு நல்லது செய்கிறார். தகட்டை ஜன்னல் சட்டத்தில் பொருத்தி முதல் ஆணியை அடித்தார். வெளிச்சம் பாதியாகக் குறைந்தது.

"அடிக்காதீங்க!" என்றேன்.

கடற்கரையில் கத்தினதைவிடச் சத்தமாகக் கத்தினேன். ஷெட்டில் மூன்று அந்நிய ஆண்கள் நிற்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் இன்னும் மூடாத இடைவெளியில் அவர்களைப் பார்த்தேன். மூன்று பேரும் திரும்பினார்கள். கார்க்காரர் என்னைப் பார்த்தார், பிறகு சுத்தியலோடு நிற்கிறவரைப் பார்த்தார். இவர் திரும்பாததைப் பார்த்துக் கார்க்காரர் முகத்தில் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் மரியாதையுள்ள மனிதர், இன்னொருவர் வீட்டுப் பெண்ணின் சத்தத்தைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாதே. தலையைக் குனிந்துகொண்டார். மற்ற இருவரும் ரோட்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

என் வீட்டுக்காரர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளில் அடுத்ததை எடுத்து, தகட்டில் வைத்து அடித்தார்.